எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை: அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதி என்பவர் யார்?

எட்டு நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கைகழுவும் தொட்டி. பதினைந்து பேருக்கு ஒரு ஷவர். கட்டடத்துக்குள் வெப்பம் 83 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது, 68 டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது.

படித்தால் ஏதோ பொதுப்பணித் துறை விதிமுறை போல இருக்கும். ஆனால் இது ஒரு நீதிமன்ற உத்தரவு. அலபாமா மாநில அரசு தன் மனநல மருத்துவமனைகளை எப்படி நடத்த வேண்டும் என்று 1972 ஏப்ரலில் ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்தது. அவர் பெயர் ஃபிராங்க் எம். ஜான்சன். அலபாமா மக்கள் அவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில அரசு அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மாநிலத்தை ஆண்டவர்களுக்கு அவரைப் பதவியிலிருந்து இறக்கும் வழியும் கிடையாது.

‘ஃபெடரல் நீதிபதி தடை விதித்தார்’ என்ற வரியை அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஒரு மாநில அரசையோ, சில நேரம் ஜனாதிபதியையோ, ஒற்றை நீதிபதி எப்படி நிறுத்த முடிகிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. விதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் இது மனதில் தங்காது. ஜான்சனின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிவானது. அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

படிக்கட்டு ஒன்றல்ல, இரண்டு

இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே படிக்கட்டு. அமெரிக்காவில் இரண்டு படிக்கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமான நீதிமன்றங்கள். கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு என்று அன்றாட வழக்குகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இன்னொன்று மத்திய அரசின் நீதிமன்றங்கள். இவைதான் ஃபெடரல் நீதிமன்றங்கள். நாடு முழுவதற்குமான சட்டத்தை மீறியது, அரசமைப்புச் சட்டம் கொடுத்த உரிமையைப் பறித்தது போன்ற வழக்குகள் இங்கே வரும். அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், அதற்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம்.

இரண்டு படிக்கட்டிலும் நீதிபதி வந்து உட்காரும் வழி வேறு. அலபாமா போன்ற மாநிலங்களில் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறார்கள். ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி முன்மொழிகிறார், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது. அதற்கப்புறம் அவர் யாரிடமும் திரும்பிப் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ‘நன்னடத்தை உள்ளவரை’ பதவியில் இருக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டம். ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லை. பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. நீக்க வேண்டுமானால் கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். அமெரிக்க வரலாறு முழுவதிலும் அப்படிப் பதவி பறிக்கப்பட்டவர்கள் எட்டு நீதிபதிகள்தான்.

இந்த இரண்டு பாதுகாப்பும் எதற்கு என்று கேட்டால், 1950-களின் அலபாமாவைப் பார்க்க வேண்டும். அங்கே கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டுப் போடுவதற்கு வரி, பதிவு அலுவலக அதிகாரியின் மிரட்டல் என்று பல தந்திரங்களால் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஓட்டை நம்பி இருக்கும் நீதிபதி யாருடைய முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார்? ஓட்டு உள்ளவர் முகத்தைத்தான். ஓட்டே இல்லாத மனிதர் நியாயம் கேட்டுப் போக, ஓட்டுக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரு நீதிபதி வேண்டியிருந்தது.

வின்ஸ்டன் கவுண்டியிலிருந்து

ஜான்சன் 1918 அக்டோபர் 30 அன்று அலபாமாவின் வடக்கே மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுண்டியில் பிறந்தார். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல. அந்தப் பகுதிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 1861-ல் அலபாமா அடிமை முறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்துபோனபோது, வின்ஸ்டன்காரர்கள் அதில் சேர மறுத்தார்கள். பெரிய பண்ணைகள் இல்லாத ஏழை விவசாய நிலம் அது. தெற்கு முழுவதும் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்தில், இந்தக் கவுண்டி குடியரசுக் கட்சிப் பக்கம் நின்றது. ஜான்சன் குடும்பமும் அப்படித்தான்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அதே காலத்தில் அங்கே படித்து அவரோடு பழகியவர் ஜார்ஜ் வாலஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய வரும். இரண்டாம் உலகப் போரில் ஜான்சன் காலாட்படை அதிகாரியாக நார்மண்டியில் போரிட்டுக் காயம்பட்டார். திரும்பி வந்து வக்கீலாகத் தொழில் செய்தார். 1952-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஐசனோவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தார். அலபாமாவில் குடியரசுக் கட்சிக்காரர்களே அரிது என்பதால் அடுத்த ஆண்டு வடக்கு அலபாமாவின் மத்திய அரசு வழக்கறிஞர் பதவி அவருக்கு வந்தது. 1955-ன் கடைசியில் மாண்ட்கமரி நகரின் ஃபெடரல் மாவட்ட நீதிபதி ஆனார். வயது 37. அப்போது நாட்டிலேயே மிக இளைய ஃபெடரல் நீதிபதி அவர்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபெடரல் நீதிபதிப் பதவி அரசியல் வழியாகத்தான் வருகிறது. கட்சிக்கு வேலை செய்தவர், செனட்டருக்குத் தெரிந்தவர் என்றுதான் பெயர்கள் மேலே போகின்றன. உள்ளே நுழையும் கதவில் அரசியல் இருக்கிறது. நுழைந்த பிறகு வந்த வழியை மறந்துவிடும் சுதந்திரத்தைத்தான் சட்டம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அந்த மனிதரைப் பொறுத்தது.

பேருந்து வழக்கு

ஜான்சன் பதவிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். இந்தக் கதை பலருக்கும் தெரியும். பேருந்தில் இனப் பிரிவினையைச் சட்டப்படி முடித்து வைத்த வழக்கில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

அதற்குக் காரணம் அந்த இரண்டு படிக்கட்டுகள்தான். பார்க்ஸ் மீதான வழக்கு மாநில நீதிமன்றத்தில் இருந்தது. மேல்முறையீடு அங்கேயே ஆண்டுக்கணக்கில் இழுபடும். அதனால் இளம் வக்கீல் பிரெட் கிரே வேறு வழி எடுத்தார். பேருந்தில் அதே அவமானத்தைப் பட்ட ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்ற நான்கு பெண்களின் பெயரில், பிரிவினைச் சட்டமே அரசமைப்புக்கு எதிரானது என்று நேராக ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்னால் கைதானபோது கால்வினுக்கு வயது பதினைந்து.

1956 மே மாதம் விசாரணை. யாரோ ஒரு தலைவர் தூண்டிவிட்டுத்தான் இந்த மக்கள் பேருந்தைப் புறக்கணிக்கிறார்கள் என்று காட்ட நகரத்தின் வக்கீல் முயன்றார். உங்கள் தலைவர் யார் என்று கால்வினிடம் கேட்டார். எங்களுக்கு நாங்களேதான் தலைவர் என்று அந்தப் பெண் கூண்டில் நின்று பதில் சொன்னாள்.

ஒரு மாநிலச் சட்டத்தையே தடை செய்யச் சொல்லும் வழக்கை அந்தக் காலத்தில் ஃபெடரல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்க வேண்டும். ஜான்சனோடு ரிச்சர்ட் ரைவ்ஸ், சீபோர்ன் லின் என்ற இரண்டு மூத்தவர்கள். விசாரணை முடிந்து மூவரும் அறைக்குள் போனார்கள். மூத்தவரைப் பார்த்து இளையவர் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்காக இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது மரபு. பிரிவினைச் சட்டம் செல்லாது என்று ஜான்சன் சொன்னார். ரைவ்ஸ் ஒத்துக்கொண்டார். லின் மறுத்தார்.

லின் சொன்ன காரணமும் லேசானது அல்ல. 1896-ல் உச்ச நீதிமன்றம் ரயிலில் இனப் பிரிவினை செல்லும் என்றது. 1954-ல் பள்ளிகளில் மட்டும் செல்லாது என்றது. பேருந்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றட்டும், கீழே இருக்கும் நமக்கு அந்த உரிமை இல்லை என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றம் மேல் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது என்பது ஃபெடரல் அமைப்பின் அடிப்படை. 1954 தீர்ப்பின் அடித்தளமே பழையதை இடித்துவிட்டது, இனி அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது ரைவ்ஸும் ஜான்சனும் எடுத்த நிலை. 1956 ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 381 நாட்களுக்குப் பிறகு மக்கள் திரும்பவும் பேருந்தில் ஏறினார்கள், விரும்பிய இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

நீதிபதிகளுக்கு இதன் விலை என்ன? ஜான்சன் வீட்டு முன் சிலுவை எரித்தார்கள். அது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் மிரட்டல் முறை. ரைவ்ஸ் இறந்துபோன தன் மகனை அடக்கம் செய்திருந்த கல்லறையை அசிங்கப்படுத்தினார்கள். பதவியையும் சம்பளத்தையும் சட்டம் காப்பாற்றும். அக்கம்பக்கத்தார் முகம் திருப்பிக்கொள்வதிலிருந்து எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

வாலஸ் வருகிறார்

1958-ன் கடைசியில் ஜார்ஜ் வாலஸ் மாநில நீதிபதியாக இருந்தார். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவு செய்கிறார்களா என்று பார்க்க, மத்திய அரசின் சிவில் உரிமைகள் ஆணையம் பதிவேடுகளைக் கேட்டது. தர மாட்டேன் என்று வாலஸ் ஊரறிய முழங்கினார். தரச் சொல்லி ஜான்சன் உத்தரவு போட்டார். பழைய நண்பர் இரவு நேரத்தில் ஜான்சன் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். ஜான்சன் இளகவில்லை. கடைசியில் வாலஸ், தன் கையால் கொடுக்காமல், ஒருவர் மேல் வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுக்களான கிராண்ட் ஜூரிகளின் வழியாகப் பதிவேடுகள் ஆணையத்திடம் போய்ச் சேர வைத்தார். பதிவேடு வந்து சேர்ந்துவிட்டதால் நீதிமன்ற அவமதிப்பு இல்லை என்று ஜான்சன் அவரை விடுவித்தார். கூடவே, சுற்றுவழியில் உத்தரவுக்குப் பணிந்துவிட்டார் என்பதையும் தீர்ப்பில் எழுதி வைத்தார். ஜெயிலுக்குப் போயாவது வீரராகலாம் என்றிருந்தவருக்கு அது பெரிய அடி. அன்றிலிருந்து வாலஸ் மேடைதோறும் ஜான்சனைப் பொய்யர் என்றே திட்டினார். 1963-ல் ஆளுநரும் ஆனார். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், இந்திய மாநிலத்து முதலமைச்சர் போல.

செல்மா: உத்தரவு போட்டால் மட்டும் போதுமா?

1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் செல்மா ஊரிலிருந்து மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்கு நடந்து போகக் கிளம்பினார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கியது. மறுநாளே ஹோசியா வில்லியம்ஸ், ஜான் லூயிஸ் முதலானவர்கள் ஆளுநர் வாலஸ் மீது ஜான்சன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

ஜான்சன் உடனே அனுமதி கொடுத்துவிடவில்லை. இரு தரப்பையும் கேட்கும்வரை ஊர்வலம் வேண்டாம் என்று முதலில் தடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் மார்ச் 9 அன்று பாலம்வரை வந்து திரும்பிப் போனதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். போராட்டக்காரர்களில் பலருக்கு ஜான்சன் மேல் கோபம். ஆனால் நீதிபதி என்பவர் போராட்டத்தின் தோழர் அல்ல. கேட்காமல் உத்தரவு போட்டால் அந்த உத்தரவுக்குப் பலமும் இருக்காது.

சில நாட்கள் விசாரணை நடந்தது. டெலிவிஷன்காரர்கள் எடுத்த படச்சுருளை நீதிமன்றத்திலேயே ஓட்டிக் காட்டினார்கள். குதிரைப் போலீஸ், புகை, கீழே விழுந்த பெண்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஜான்சன் எழுந்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் நீதிமன்றத்தைச் சற்று நேரம் ஒத்திவைத்துவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 17 அன்று தீர்ப்பு. நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கானோர் நடப்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல்தான், அதை ஜான்சன் மறுக்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு அவர் ஓர் அளவுகோல் வைத்தார். எதிர்த்துப் போராடும் அநியாயம் எவ்வளவு பெரியதோ, போராடும் உரிமையும் அந்த அளவுக்கு விரிய வேண்டும். இங்கே அநியாயம் மிகப் பெரியது, அதனால் உரிமையும் அப்படியே. நான் படித்த தீர்ப்புகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அப்புறம் அதே உத்தரவு சின்னச் சின்ன விவரங்களுக்குள் இறங்குகிறது. சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேர் மட்டும் நடக்கலாம், எங்கே தங்கலாம், எந்தப் பாதை என்று.

சரி, உத்தரவு போட்டாயிற்று. ஆளுநர் பாதுகாப்புத் தர மாட்டேன் என்றால்? நீதிபதியிடம் படை கிடையாது. அவருக்குத் துணை ஃபெடரல் மார்ஷல்கள் என்ற நீதிமன்றக் காவலர்கள் சிலர் மட்டும். உத்தரவை மதிக்க வைக்கும் பலம் ஜனாதிபதியிடம்தான் இருக்கிறது. வாலஸ் கையை விரித்தார். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மாநிலத்தின் நேஷனல் கார்டு துணை ராணுவப் படையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்து, ராணுவத்தையும் அனுப்பினார். பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டு ஜான்சன்களுக்கும் உறவு இல்லை. மார்ச் 21-ல் கிளம்பிய ஊர்வலம் 87 கிலோமீட்டர் நடந்து 25-ஆம் தேதி மாண்ட்கமரி சேர்ந்தபோது சுமார் 25,000 பேர் கூடியிருந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

ஊர்வலம் முடிந்த இரவே ஒரு கொலை நடந்தது. ஊர்வலத்தினரைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த டெட்ராய்ட் பெண் வயோலா லியூசோவைக் கிளான் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து பிள்ளைகளின் தாய் அவர். கொலை என்பது மாநிலச் சட்டத்தின் குற்றம், அதனால் மாநில நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். முதல் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை, இரண்டாவது ஜூரி குற்றவாளி இல்லை என்றது. அப்போது மத்திய அரசு இரண்டாவது படிக்கட்டைப் பிடித்தது. கொலைக்காக அல்லாமல், குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் மூவர் மேல் வழக்கு. நீதிபதி ஜான்சன். எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை என்று இந்த ஜூரியும் சொன்னது. மறுபடி போய்ப் பேசுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். 1965 டிசம்பர் 3 அன்று முழுக்க வெள்ளையர்களே இருந்த அந்த ஜூரி மூவரையும் குற்றவாளி என்றது. அந்தச் சட்டத்தில் இருந்த அதிகபட்சத் தண்டனை பத்தாண்டுச் சிறை. அதையே ஜான்சன் கொடுத்தார்.

1967 மார்ச்சில் அலபாமா முழுவதும் பள்ளிகளில் இனப் பிரிவினையை முடிக்கச் சொல்லி, அவர் இருந்த மூவர் அமர்வு உத்தரவு போட்டது. ஒரு மாநிலம் முழுவதற்குமாக அப்படி ஓர் உத்தரவு வந்தது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் அவருடைய அம்மா வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜான்சன் வீட்டுக்குப் பல ஆண்டுகள் மார்ஷல்கள் காவல் இருந்தார்கள்.

பிரைஸ் மருத்துவமனை

ஆரம்பத்தில் சொன்ன கழிப்பறைக் கணக்குக்கு வருகிறேன். டஸ்கலூசா ஊரில் பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை. 1970-ல் உள்ளே 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். சிகரெட் வரியிலிருந்து வரும் பணம் குறைந்ததால் அரசு அங்கே சுமார் நூறு ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. வேலை போனவர்கள் வழக்குப் போட்டார்கள். நோயாளிகள் சார்பில் சேர்க்கப்பட்டவன் ரிக்கி வயட் என்ற பதினைந்து வயதுப் பையன். அவனுடைய அத்தை அங்கே வேலை பார்த்தவர். அவனுக்கு மனநோய் எதுவும் இல்லை. அடங்காத பிள்ளை என்று சொல்லி அங்கே கொண்டு வந்து விட்டிருந்தார்கள்.

ஊழியர்களின் வேலையைப் பற்றிய வாதம் நிற்கவில்லை. ஜான்சனின் கவனம் நோயாளிகள் பக்கம் திரும்பியது. இந்த மனிதர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் அரசு பூட்டி வைத்திருக்கிறது. எதற்காக? குணப்படுத்துவதற்காக என்கிறது அரசு. அப்படியானால் குணப்படுத்து. சிகிச்சை தராமல் பூட்டி மட்டும் வைத்தால் அது மருத்துவமனை இல்லை, விசாரணை இல்லாத சிறை. 1971 மார்ச்சில் ஜான்சன் சொன்னதன் சாரம் இது. கட்டாயமாக அடைக்கப்பட்டவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை அரசமைப்பு தரும் உரிமை என்று நாட்டில் முதன்முதலாகத் தீர்ப்பு வந்தது.

மாநிலத்துக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். உருப்படியான திட்டம் வரவில்லை. அதன் பிறகுதான் 1972-ல், மருத்துவ நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டு, எத்தனை பேருக்கு எத்தனை மருத்துவர், எத்தனை செவிலியர், எத்தனை கழிப்பறை என்று அவரே எழுதினார். எட்டுப் பேருக்கு ஒன்று என்று எழுத வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அங்கே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

சிறைகளிலும் இதே கதைதான். கைதிகளே எழுதி அனுப்பிய மனுக்களில் தொடங்கிய வழக்குகள் அவை. டிரேப்பர் சிறையில் ‘நாய்க்கூண்டு’ என்று கைதிகள் சொன்ன தண்டனை அறைகள் இருந்தன. நான்கடிக்கு எட்டடி. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறைக்குத் தரையில் ஓர் ஓட்டை. அதற்குள் ஆறு பேர்வரை அடைத்தார்கள். 1976 ஜனவரியில் ஜான்சன் அலபாமா சிறை அமைப்பு முழுவதும் கொடூரத் தண்டனையைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கு விரோதமாக இருக்கிறது என்று தீர்ப்பளித்து, இடம், உணவு, காற்று, காவலர் எண்ணிக்கை என்று அங்கும் அளவு வைத்தார்.

நீதிபதி ஆட்சி நடத்தலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, இன்றும் எழுகிறது. அது நியாயமான கேள்வி. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னே கொண்டுபோக முடியாதவர் அதை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளிவிடுவார். அரசியல்வாதிகள் ஓட்டுக் கிடைக்காத பிரச்சினைகளை அப்படித்தான் நீதிமன்றத்தின் பக்கம் உதைத்துவிடுகிறார்கள் என்பது ஜான்சனின் பதில். அவர் கேட்டுப் பெற்ற அதிகாரம் இல்லை இது. கைதிக்கும் மனநோயாளிக்கும் ஓட்டு வங்கி கிடையாது. அவர்களுக்காகச் செலவு செய்து எந்த ஆளுநரும் தேர்தலில் ஜெயித்ததில்லை. இந்த விஷயத்தில் நான் ஜான்சன் பக்கம்தான்.

தவறியதும், தோற்றதும்

அவர் எல்லா வழக்கிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். 1957-ல் அலபாமா சட்டமன்றம் டஸ்கீகி ஊரின் எல்லையை மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கம் கொண்ட விநோத உருவமாக ஆனது. கறுப்பின வாக்காளர்களில் ஏறக்குறைய அனைவரும் கோட்டுக்கு வெளியே, வெள்ளையர் ஒருவர்கூட வெளியே இல்லை. ஊர் எல்லை வரைவது மாநிலத்தின் உரிமை, நீதிமன்றம் தலையிட முன்தீர்ப்பு இடம் தரவில்லை என்று ஜான்சன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1960-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருத்தியது. பேருந்து வழக்கில் பழைய தீர்ப்பைத் தாண்டிப் போனவர் இங்கே அதற்குள் நின்றுவிட்டார்.

தோற்றுப் பின்னால் சரியென்று ஆனதும் உண்டு. விமானப் படையில் வேலை பார்த்த ஆணின் மனைவிக்குத் தானாகக் கிடைத்த சலுகை, அதே படையில் இருந்த ஷாரன் ஃபிரான்டியரோ என்ற பெண் அதிகாரியின் கணவருக்குக் கிடைக்கவில்லை. 1972-ல் மூவர் அமர்வில் இருவர் அது சரி என்றார்கள். ஜான்சன் மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜான்சன் சொன்ன முடிவுக்கே வந்தது.

1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் அவரை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவராக முன்மொழிந்தார். உடல்நிலையால் அது நடக்கவில்லை. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1985-ல் அங்கிருந்து, ஒருபாலினத்தவரின் அந்தரங்க உறவைக் குற்றமாக்கும் ஜார்ஜியா மாநிலச் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதைக் கவிழ்த்தது. 2003-ல் தான் 1986-ல் சொன்னது தவறு என்று உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஜான்சன் 1999 ஜூலையிலேயே காலமாகியிருந்தார்.

அதே 2003 டிசம்பரில் மாண்ட்கமரி நீதிமன்றத்தில் ஒரு பழைய கோப்பை மூடினார்கள். ரிக்கி வயட்டின் வழக்கு, 33 ஆண்டுகளாக நடந்தது. முடித்து வைத்த நீதிபதி மைரன் தாம்சன். 1979-ல் ஜான்சன் விட்டுப்போன நாற்காலிக்கு வந்த கறுப்பினத்தவர். அவர் பிறந்த ஊர் டஸ்கீகி. அந்த ஊரின் எல்லைக் கோட்டு வழக்கை ஜான்சன் தள்ளுபடி செய்தபோது தாம்சன் பள்ளிக்கூடம் போகும் சிறுவன்.